தண்ணீரிலிருந்து தூக்கிய பிறகு வரும் சில நிமிஷங்கள்

(குற்றாலம் கடைக்காரர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் மத்தியில் ஒரு மருத்துவர் ஆற்றிய உரை)

சாரல் விழ ஆரம்பிச்சுட்டா உங்களுக்கு உட்கார நேரம் இருக்காது. அதனால்தான் சீசனுக்கு முன்னாடியே வந்திருக்கேன்.

2024 மே 17 நமக்கு மறக்காது. பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துக்கொண்டு போனது. அப்போது சீசன்கூடத் தொடங்கவில்லை. குளிக்கத் தடை போட்டால் முணுமுணுக்கிற பயணிகளிடம் இதைச் சொல்லுங்க. நான் பேச வந்தது, ஒருவரைத் தண்ணீரிலிருந்து தூக்கிய பிறகு அவர் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதை.

மூளை நம் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. மூளை செல்கள் ஒன்றோடொன்று பேசுவது ரசாயனத்தால். ஒரு செல் குளுட்டமேட் என்ற பொருளைத் துளியாக விடும். அடுத்த செல் அதைப் பிடித்துத் தூண்டப்படும். மிச்சத்தைப் பக்கத்துச் செல்கள் உடனே உறிஞ்சிவிடும்.

அஸ்திவாரப் பள்ளத்தில் ஊறுகிற தண்ணியை மோட்டார் வச்சு இறைக்கிறோம். கரண்ட் போனா என்னாகும்? அதேதான். ஆக்ஸிஜன் தீர்ந்தால் செல்களின் பம்புகள் நின்றுவிடும். குளுட்டமேட் கட்டுப்பாடில்லாமல் கொட்டும். உறிஞ்ச வேண்டிய செல்களே திருப்பிக் கக்கும். அடுத்த செல் ஓயாமல் தூண்டப்பட்டு, அதற்குள் கால்சியம் வெள்ளமாகப் பாயும். கால்சியம் கிளப்பிவிடும் என்சைம்கள் அந்தச் செல்லையே அரிக்கும். பேச வைத்திருந்த பொருளே விஷமாகிவிடுகிறது, அதுவும் சில நிமிஷத்தில். நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதி சீக்கிரமே அடிபடும். பிழைத்தவர்களில் சிலருக்குப் புதுசா எதுவும் மனசில் நிற்காததற்கு அதுதான் காரணம்.

மூழ்கியவருக்கு முதலில் நிற்பது மூச்சு. இதயம் அதன் பிறகும் கொஞ்ச நேரம் துடிக்கலாம். அதனால் முதல் தேவை காற்று. தயவுசெஞ்சு வயித்தை அமுக்காதீங்க, தலைகீழாத் தூக்காதீங்க. நேரம்தான் போகும், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், கட்டணம் கிடையாது. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைச் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மார்பு எழும்படி வாயில் 2 முறை ஊதுங்கள். அசைவில்லையா? நடு மார்பில் 30 அழுத்தம், பிறகு 2 மூச்சு. நிமிஷத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம், 5 செ.மீ. ஆழம். ஆம்புலன்ஸ் வரும்வரை விடக்கூடாது.

கண் முழிச்சதும் ‘ஒண்ணுமில்லண்ணே, ரூமுக்குப் போறேன்’னு எந்திரிப்பாங்க. விடாதீங்க. ஆக்ஸிஜன் திரும்பிய பிறகும் அடிபட்ட செல்கள் மணிக்கணக்கில், நாள்கணக்கில்கூடச் சாகும். நுரையீரலிலும் நீர் கோக்கலாம். ஐந்தருவியோ பேரருவியோ, தென்காசி அரசு மருத்துவமனைக்கு ஏத்திவிட்டுட்டுத்தான் கடைக்குத் திரும்பணும்.

பயிற்சிப் பொம்மை ரெண்டு கொண்டுவந்திருக்கேன். முதல்ல யார் வர்றீங்க?