சம்பளம் வாங்கும் மகன் யார் வீட்டுப் பிள்ளை?



பதவியில் இருப்பவரின் உறவினருக்கு வேலை என்ற பேச்சைத் திண்டிவனத்தில் எடுத்தால் ஓமந்தூராரைத் தாண்டிப் போக முடியாது. பக்கத்து ஓமந்தூரில் 1895இல் பிறந்த இராமசாமி ரெட்டியார், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். சிபாரிசுக்கு மசியாதவர் என்று பெயரெடுத்தார். பதவி போனதற்கும் அதையே ஒரு காரணமாகச் சொல்வார்கள். ஆனால் ஓமந்தூரார்கள் அடிக்கடி பிறப்பதில்லை. ஆகவே விதி வேண்டியிருக்கிறது.

விதியும் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1964. செல்வாக்கைக் காட்டிக் குடும்பத்தாருக்குக் கம்பெனியில் வேலை வாங்கித் தரக் கூடாது என்கிறது நான்காம் விதி. குடும்பத்தில் ஒருவர் வேலை பார்க்கும் நிறுவனத்தின் கோப்பு வந்தால், தாம் தொடாமல் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறது. நல்ல விதிதான்.

ஓட்டை, ‘குடும்பம்’ யார் என்று சொல்லும் இடத்தில் இருக்கிறது. கணவன் அல்லது மனைவி உண்டு. பிள்ளைகளோ, முழுக்க அந்த ஊழியரை நம்பி வாழ்ந்தால்தான் உண்டு. சற்றே யோசியுங்கள். வேலையில்லாமல் வீட்டில் இருக்கும்வரை மகன் குடும்பத்தில் ஒருவன். அப்பாவின் கையெழுத்துக்குக் காத்திருக்கும் கம்பெனி அவனுக்கு நல்ல சம்பளம் கொடுத்த மறுமாதமே அவன் அந்நியன்! எந்த வேலையைக் கண்டு விதி அஞ்சுகிறதோ, அந்த வேலையே அவனை விதிக்கு வெளியே கொண்டுபோய் விடுகிறது.

மகனோ மகளோ அப்படிப்பட்ட கம்பெனியில் சேர அரசின் முன் அனுமதி வேண்டுமென்ற நிபந்தனையும் உண்டு. அது ‘ஏ’ தொகுதி அதிகாரிகளுக்கு மட்டும். நம் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கணக்கைப் புரட்டும் ஜி.எஸ்.டி. கண்காணிப்பாளர் ‘பி’ தொகுதி.

தனியார் துறை இதில் கெட்டி. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின்படி இயக்குநரின் மகன், மருமகள், மகள், மருமகன், அண்ணன் தம்பி, அக்காள் தங்கை எல்லாரும் உறவினரே. சம்பாதிக்கிறார்களா என்று யாரும் கேட்பதில்லை. வக்கீல்களுக்கான பார் கவுன்சில் விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது: மாமனார், மைத்துனர் நீதிபதியாக இருந்தாலும் அவர் முன் வாதாடக் கூடாது.

அதற்காக அதிகாரியின் பிள்ளைக்கு வேலையே கூடாது என்பாரோடு நான் உடன்படவில்லை. இருபத்தைந்து வயதுப் பெண் தன் படிப்பால் வாங்கிய வேலையை அப்பாவின் பதவிக்காக ஏன் துறக்க வேண்டும்? கட்டுப்பாடு கோப்பின் மீது இருக்கட்டும், பிள்ளையின் மீது வேண்டாம். உறவைச் சொல்லிவிட்டு அதிகாரி ஒதுங்கினால் போதும்.

மாலை அமர்வுக்கு ஒரு வேண்டுகோள்: ‘குடும்பம்’ என்பதற்குப் புதிய வரையறை ஒன்றை எழுதி, இந்த அவையின் தீர்மானமாக அரசுக்கு அனுப்புங்கள். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.