லண்டனுக்கும் புத்தளத்துக்கும் எவ்வளவு தூரம்?
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



வெளிநாட்டிலிருந்து வரும் தோழியரிடம் எத்தனை கிலோமீற்றர் பறந்தீர்கள் என்று நாம் கேட்பதில்லை. எத்தனை மணித்தியாலம் என்றுதான் கேட்கிறோம். தூரம் அப்படியே இருக்க, நேரம் மட்டும் மாறும் என்பது நம் கடற்கரை அறிந்த பழைய செய்தி. 1344இல் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து தென்னிந்தியக் கரைக்குக் கப்பலேறினார். மூன்று நாள் பயணம். ஒன்பதாம் நாள் அவர் கண்டதோ இலங்கைக் கரை. அவர் இறங்கிய ‘பத்தாளா’ நமது புத்தளமே என்பது அறிஞர் பலரின் கருத்து.

இன்று லண்டனிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் பத்து, பதினொரு மணித்தியாலம். மேலைக்காற்று எதிர்ப்பதால் திரும்பிப் போகும்போது பெரும்பாலும் சற்றுக் கூடும். டொராண்டோ ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். நேரடி விமானம் இல்லை. இடையில் எங்காவது மாறி ஏற வேண்டும். கட்டுநாயக்கவில் இறங்கிய பிறகும் நீர்கொழும்பு, சிலாபம் வழியாக நூறு கிலோமீற்றர் அளவில் தரைவழிப் பயணம் இருக்கிறது.

விடுமுறைக்கு வருபவருக்கு இது பெரிய நேரமில்லை. துக்கத்துக்கு வருபவருக்கு அப்படியல்ல. இங்கே சுபஹுக்கு ஒரு தாய் மௌத்தானால் அஸருக்குள் அடக்கிவிடுகிறோம். செய்தி போகும்போது லண்டனில் நள்ளிரவை அண்டிய நேரம். அடுத்த விமானத்தில் இடம் கிடைத்தாலும் மகள் வீட்டுக்கு வர மறுநாளாகிவிடும். இந்து, கத்தோலிக்க வீடுகளில் ஓரிரு நாள் காத்திருக்கலாம். ஜனாஸா காத்திருக்காது.

அந்த மகளின் இடத்தில் அந்த வீட்டுக்குப் போய் இருக்கக்கூடியவள் அவளோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள்தான். ஆகவே இந்த நூற்றாண்டில் நம் சங்கம் கட்டடத்தோடு இன்னொரு வேலையையும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறோம். வெளிநாட்டில் இருப்பவர்கள் தம் பெற்றோரின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் சங்கத்திடம் தாருங்கள். கற்பிட்டி, புத்தளம், முந்தல், உடப்பு, சிலாபம் என்று ஊர்வாரியாக நாம் முறைபோட்டுப் போய்ப் பார்ப்போம். மருந்து வாங்கிக் கொடுப்போம், கிளினிக்குக்குக் கூட்டிப்போவோம், துக்கம் என்றால் முதலில் போய் நிற்போம்.

தூரத்தில் உள்ள சகோதரிகளிடம் இன்னொரு வேண்டுகோள். உம்மாவின், அம்மாவின் மௌத்துக்கென்று டிக்கெட் காசை ஒதுக்கி வைக்காதீர்கள். அவர் உங்கள் குரல் கேட்டுக் கதவு திறக்கக்கூடிய காலத்திலேயே வந்து, ஒரு மாதம் கூட இருந்துவிட்டுப் போங்கள்.