ஜூலை 31: வீரர் தினம்



ஆகஸ்டு 31 நம் சுதந்திர தினம் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். அதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னே வரும் ஜூலை 31, 'ஹரி பஹ்லவான்' எனும் வீரர் தினம். அந்த நாள் எப்படி வந்தது என்பதை இன்று பார்ப்போம்.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டே நாளில் மலாயா முழுவதும் அவசரகாலம் அமலுக்கு வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினருக்கும் அரசாங்கத்திற்கும் நடந்த அந்தப் போராட்டம் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. ஆக, வீரர் தினம் குறிப்பது துப்பாக்கிகள் ஓய்ந்த நாளையே.

அந்த ஆண்டுகளில் பாதுகாப்புப் படையினர் 1,800 பேருக்கு மேல் உயிரிழந்தனர். பொதுமக்களோ 2,400 பேருக்கு மேல் மாண்டனர். அவர்களுள் தோட்டப் பாட்டாளிகளும் உண்டு.

நம் தாத்தா பாட்டிமார் பல தோட்டங்களில் கம்பி வேலிக்குள் குடியேற்றப்பட்டார்கள். அரிசி பங்கீட்டில் கிடைத்தது. காட்டிலிருப்போர் கைக்கு உணவு போய்விடக் கூடாதென்று, பால்வெட்டப் புறப்பட்டவர்களைக் கேட்டிலே நிறுத்திச் சோதித்தார்கள். கட்டுப்பாடு கடுமையாக இருந்த இடங்களில் பகல் சோற்றைக் கூட வெளியே கொண்டுபோக முடியாது. வெறும் வயிற்றோடு மரம் வெட்டியவர்களுக்கு எந்தப் பதக்கமும் இல்லை. ஆனாலும் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் பாரத்தை அவர்களும் சுமந்தார்கள்.

கோலாலம்பூரில் நிற்கும் துகு நெகாரா, துங்கு அப்துல் ரகுமானின் எண்ணத்தில் உருவாகி 1966 பிப்ரவரி 8ஆம் நாள் திறக்கப்பட்டது. அதிலுள்ள ஏழு வெண்கல உருவங்கள் ஏழு பண்புகளைக் குறிக்கின்றன. தலைமைத்துவம், ஒற்றுமை, வலிமை, விழிப்பு, துணிவு, தியாகம் ஆகியவற்றோடு துன்பமும் அவற்றுள் ஒன்று. அருகிலுள்ள நினைவுத் தூண் இரண்டு உலகப் போர்களில் மாண்டவர்களையும் நினைவுகூர்கிறது.

பெற்றோர்களே, வீரர் தினத்தன்று பிள்ளைகளுக்குப் பகையைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். அமைதிக்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதைச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்தில் முன்னாள் படைவீரரோ, காவலரோ, அவர் விட்டுச்சென்ற துணைவியோ இருந்தால், பிள்ளைகளோடு போய் நலம் விசாரியுங்கள். அந்தக் காலத்தை அறிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். நாம் கேளாமல் விட்டால் அந்த வரலாறு அவர்களோடு போய்விடும்.