மழைக்கு முன் வீட்டைச் சுற்றி வாருங்கள்
(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



நம் மாநிலத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாகப் பெய்கிறது. அதற்கு முன்பே வயலில் வடிகால் எடுக்கிறோம். வரப்பைச் செதுக்கிப் பூசுகிறோம். குடியிருக்கும் வீட்டை மட்டும் ஒழுகிய பிறகே அண்ணாந்து பார்க்கிறோம்.

நான் பள்ளியில் படித்தபோது, மார்கழிப் பட்டத்துக்கென்று நிலக்கடலை விதைக்காய்களை மூட்டை கட்டிப் பின்சுவரை ஒட்டி அடுக்கியிருந்தார் என் தந்தை. அந்த ஆண்டு ஓடு மாற்றியிருந்தோம். கூரை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. ஆனால் கொல்லையில் வடிகால் இல்லை. சுவரடியில் தேங்கிய நீரை மண்சுவர் உறிஞ்சியது. அடிமூட்டைகளில் பூசணம் பிடித்துவிட்டது. கடன்பட்டுத்தான் விதை வாங்கினோம். அரைநாள் மண்வெட்டி வேலையைத் தள்ளிப்போட்டதற்கு நாங்கள் கொடுத்த விலை அது.

ஆகவே புரட்டாசி முடிவதற்குள் கீழ்க்கண்ட வேலைகளை முடித்துவிடுங்கள்.

கூரை: உடைந்த, நழுவிய ஓடுகளை மாற்றுங்கள். ஓட்டு இடுக்கில் சேரும் சருகு மழைநீரை உள்ளே திருப்பிவிடும். அதைக் கூட்டித் தள்ளுங்கள். முகட்டுப் பூச்சு வெடித்திருந்தால் அடையுங்கள். கீற்றுக் கூரையில் மட்கியதை நீக்கிப் புதுக்கீற்று செருகுங்கள். மாடி வீடானால் ஒரு குடம் நீர் ஊற்றி, வடிகுழாய் வழியே தடையின்றி இறங்குகிறதா என்று பாருங்கள்.

சுவரும் வடிகாலும்: இறவாரத்து நீர் சொட்டும் இடத்துக்குச் சற்று வெளியே, ஒரு சாண் அகலமும் ஆழமும் உள்ள வாய்க்கால் எடுத்து, தாழ்வான பக்கம் திருப்பிவிடுங்கள். அந்த நீர் கிணற்றுக்கோ எருக்குழிக்கோ போகக் கூடாது. எருக்குழியில் மழைநீர் புகுந்தால் எருவின் சத்து கரைந்து ஓடிவிடும். அரித்த சுவரடியை உமி கலந்த மண்ணால் பூசி, மழைக்கு முன் காயவிடுங்கள். வெடித்துச் சாய்ந்த மண்சுவரின் ஓரம் மழை இரவில் யாரும் படுக்க வேண்டாம். கால்நடைகளையும் கட்ட வேண்டாம்.

விதையும் தீவனமும்: விதை நெல்லின் ஈரம் 13 சதவீதத்துக்கும், நிலக்கடலை விதையின் ஈரம் 9 சதவீதத்துக்கும் மேல் இருக்கக் கூடாது. நன்கு காயவைத்து, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளிப் பலகை மேல் அடுக்குங்கள். வைக்கோற்போரை மேட்டில் போட்டு, உச்சியைக் கூம்பாகக் கட்டுங்கள்.

மரங்கள்: 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா புயலில் டெல்டாப் பகுதியில் தென்னைகள் சாய்ந்ததை நாம் மறக்கவில்லை. வீட்டை ஒட்டிய தென்னையில் காய்ந்த மட்டைகளையும் முற்றிய காய்களையும் இறக்கிவிடுங்கள். கூரை மேல் கவிந்த முருங்கைக் கிளை எளிதில் முறியும், அதைக் கழித்துவிடுங்கள்.

மின்சாரம்: மோட்டார் கொட்டகை ஒழுகாமல் பாருங்கள். மின்கம்பத்தின் இழுவைக் கம்பியில் துணிக்கொடியோ மாடோ கட்டாதீர்கள். அறுந்து கிடக்கும் கம்பியை நெருங்காமல் மின்வாரியத்துக்குத் தெரிவியுங்கள்.

கடைசியாக ஒன்று. முதல் மழை பெய்து ஓய்ந்ததும் மண்வெட்டியோடு வீட்டை மறுபடியும் ஒருமுறை சுற்றி வாருங்கள். நீர் எங்கே நிற்கிறதோ, அங்கேதான் உங்கள் அடுத்த வேலை இருக்கிறது.