ஆற்றின் உயிரும் அறிஞர் தொண்டும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள், ஆறு குளங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்ட விஞ்ஞானிகள், இஞ்சினீயர்கள் ஆகியோரின் தொண்டும், அதில் நமக்குள்ள பங்கும் என்பதாம். கல்வி, உத்தியோகம், விவாகச் செலவு முதலிய விஷயங்களையே இம்மேடையில் பெரும்பாலும் கேட்டுப் பழகிய உங்களுக்கு, ஆறும் குளமும் சங்கத்தார் பேசத்தக்க விஷயங்கள்தாமோ என்ற ஐயம் எழக்கூடும். புத்தேரி, இறச்சகுளம், தேரேகால்புதூர் என்று நம் ஊர்களின் பெயர்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். ஏரியும் குளமும் காலும் இப்பெயர்களிலேயே அமைந்துள்ளன. கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் விளைந்து, திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற நாடு நம் நாஞ்சில் நாடு. நிலத்தை விட்டு அயலூர் சென்று சம்பளம் பெறுவோரும் இந்நீரால் வளர்ந்தவர்களே. ஆதலின் நீரைப் பற்றிப் பேசுவது நம் குடும்ப விஷயத்தைப் பேசுவதேயாம்.

முதற்கண் நம் நீர் நமக்கு எங்ஙனம் வந்தது என்பதை நோக்குவோம். பழையாறு சுருளக்கோட்டுப் பக்கம் தோன்றி, சுமார் 37 கிலோமீட்டர் ஓடி, மணக்குடியில் கடலோடு கலக்கின்றது. இச்சிற்றாறு தன் சொந்த நீரைக் கொண்டு மட்டும் நாஞ்சில் நாட்டு வயல்களையெல்லாம் நனைத்திருக்க இயலாது. மேற்கே பறளியாறும் கோதையாறும் மூவாற்றுமுகத்தில் கூடிக் குழித்துறை வழியே தேங்காப்பட்டினம் சென்று கடலிற் சேர்பவை. அந்நீரின் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பியது மனிதரின் அறிவு. பொன்மனையருகே பறளியாற்றை மறித்த பாண்டியன் அணையும், அதிலிருந்து வந்த காலும் பழையாற்றுக்கு முதலில் துணை செய்தன. பின்னர் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணை, கோதையாற்று நீரைத் தேக்கித் தந்தது. அதனைக் கட்டிய இஞ்சினீயர் மிஞ்சின் துரையின் சமாதி அவ்வணையின் அருகிலேயே உள்ளது. தான் கட்டிய அணையின் பக்கத்திலேயே துயில் கொண்ட அவ்வயல்நாட்டாரை, தோவாளைச் சானலிலும் அனந்தனாற்றுக் காலிலும் நீர் ஓடும்போதெல்லாம் நன்றியோடு நினைப்பது நம் கடமை.

அன்பர்களே! நீர் கொணர்வது ஒரு தொண்டு. வந்த நீரை உயிரோடு வைத்திருப்பது மற்றொரு தொண்டு. முதலாவதை இஞ்சினீயர்கள் செய்து முடித்தார்கள். இரண்டாவது இன்னும் முடிந்தபாடில்லை. ஆற்றில் நீர் இருப்பது வேறு, ஆறு உயிரோடிருப்பது வேறு என்ற இந்த ஒரு கருத்தையே இன்று உங்கள் உள்ளத்திற் பதிக்க விரும்புகிறேன்.

ஆற்றுக்கு உயிர் என்பது யாது? நாம் மூச்சுவிடும் பிராணவாயு நீரிலும் கரைந்துள்ளது. மீனும் நண்டும் பூச்சியும் அதனையே சுவாசிக்கின்றன. ஒரு லிட்டர் காற்றில் பிராணவாயு ஏறக்குறைய 270 மில்லிகிராம் இருக்க, நம் நாட்டு வெப்பத்தில் ஒரு லிட்டர் தெளிந்த நீரில் சுமார் 8 மில்லிகிராமே கரைந்திருக்கும். முப்பதில் ஒரு பங்குக்கும் குறைந்த இச்சிறு சேமிப்பைக் கொண்டே நீருயிர்கள் யாவும் குடும்பம் நடத்துகின்றன. இந்நிலையில் வீட்டுச் சாக்கடையும், சந்தைக் கழிவும், கசாப்புக் கழிவும் ஆற்றில் விழுந்தால் என்னாகும்? அவற்றைத் தின்று பெருகும் கிருமிகள் அச்சேமிப்பை உறிஞ்சிவிடுகின்றன. மீன் விஷத்தாலன்றி மூச்சுமுட்டியே மாள்கின்றது.

இதனை அளக்கும் முறையை உலகுக்குத் தந்தது இங்கிலாந்தில் கழிவுநீரை ஆராய்ந்த அரச விசாரணைக் குழு. கழிவு கலந்த நீர் 5 நாளில் எவ்வளவு பிராணவாயுவை உண்கிறது என்பதை அளந்து, அதனை அளவுகோலாகக் கொள்ளுமாறு அக்குழுவினர் 1912-ல் கூறினர். நம் நாட்டின் வெப்பத்திற்கேற்ப, 27 பாகை உஷ்ணத்தில் 3 நாள் வைத்து அளப்பதும் இங்கு வழக்கிலுள்ளது. குளிப்பதற்குரிய ஆற்றில் இவ்வளவு லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது, கரைந்த பிராணவாயு 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது என்பது இந்தியாவில் வகுக்கப்பெற்ற விதி. மூழ்கி எழுந்து தீர்த்தமாடினோம் என்று நாம் மகிழும் துறைகளில் இந்த எண்கள் என்ன சொல்லும் என்று கேட்கத் துணிவுண்டா நமக்கு?

இனி, இரசாயனக் குப்பிகளின்றியே ஆற்றின் நலத்தை அறியும் முறையொன்றும் உண்டு. ஜெர்மனியில் கோல்க்விட்ஸ், மார்ஸன் என்ற இரு அறிஞர்கள், எந்த நீரில் எந்த உயிர் வாழும் என்பதை 1908, 1909-ஆம் ஆண்டுகளில் வகைப்படுத்தினர். மலையோடையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். வாலில் மூன்று இழையுடன் ஓடும் சிறு பூச்சியும், மணலையும் இலைத்துண்டையும் பின்னிக் கூடு கட்டிக்கொண்ட புழுவும் காணப்பட்டால், அங்கு நீர் நல்ல நீர். அவை மறைந்து, சேற்றில் நெளியும் செம்புழு மட்டும் மிகுந்திருப்பின், அந்நீர் நோயுற்ற நீர். ஒருமுறை எடுத்த நீர் அந்நேரத்து நிலையையே கூறும். கல்லடியில் வாழும் பூச்சியோ பல மாத வரலாற்றைக் கூறும். நம் தென்னாட்டில் மதுரைக் கல்லூரியிலிருந்த பேராசிரியர் கே. ஜி. சிவராமகிருஷ்ணன், மேற்குத் தொடர்ச்சி மலையோடைகளின் இத்தகைய பூச்சிகளைப் பல்லாண்டு ஆராய்ந்து பெரும் புகழ் பெற்றவர். மீன்களின் பக்கம் பார்ப்போமாயின், மலையாற்று மீன்களில் வல்லுநராகிய சுந்தர்லால் ஹோரா, லா என்பவரோடு சேர்ந்து திருவிதாங்கூரின் நன்னீர் மீன்களைப் பற்றி 1941-ல் எழுதினார். பாறையைப் பற்றிக்கொண்டு வெள்ளத்தை எதிர்க்கும் மீன்களின் உடலமைப்பை உலகுக்கு விளக்கியவர் அவரே. நாம் குழம்புக்கு மட்டும் எண்ணும் அயிரையினத்து மீனிலும் அவருக்கு ஒரு சாஸ்திரம் தோன்றிற்று.

நம் ஊரிலும் இத்தொண்டு நிகழாமலில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றி, கங்கையில் வாழும் டால்பின்களை ஆராய்ந்த ஆர். எஸ். லால் மோகன், நாகர்கோவிலிலிருந்து பழையாற்றின் நலத்திற்காகவும் குரல் கொடுத்தவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் பணிபுரிந்த பறவையறிஞர் ராபர்ட் குருப் நம் மாவட்டத்து நீர்ப்பறவைகளின்பால் கருத்தைச் செலுத்தினார். இத்தகையோர் உழைப்பால் நம் குளங்களின் பெருமை வெளியே தெரிந்தது. 1971-ல் ஈரான் நாட்டு ராம்சரில் பல தேசத்தார் செய்த உடன்படிக்கையின்படி, சுசீந்திரம் தேரூர் நீர்நிலைகளும் வேம்பனூர் நீர்நிலையும் உலகப் பெருமை வாய்ந்தவையாக 2022-ல் ஏற்கப்பட்டன. கவிமணி பிறந்த தேரூர்க் குளம், கடல்கடந்து வரும் பறவைகளுக்கும் பிறந்தகம் போலாயிற்று. பக்கத்து நெல்லைச் சீமையில், மணிமுத்தாற்றிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்தார், 2011 முதல் தாமிரவருணிப் பாசனக் குளங்களில் மாணவரையும் பொதுமக்களையும் சேர்த்துப் பறவைகளை எண்ணி வருகின்றனர். அத்தகைய பணிக்குப் பட்டம் வேண்டுவதில்லை. கண்ணும் பொறுமையும் போதும்.

விஞ்ஞானம் குற்றம் கூறுவதோடு நிற்பதன்று, பரிகாரமும் கூறுவது. கேரள நாட்டுக் காயல்களையும் வயல்களையும் ஆப்பிரிக்கப் பாயல் என்னும் மிதக்கும் களை மூடியிருந்ததைப் பெரியோர் அறிவர். பெயர் ஆப்பிரிக்காவாயினும் அதன் பிறப்பிடம் பிரேசில் தேசம். முதலில் அதனை வேறொரு செடியென்று கருதி, அச்செடியின் பூச்சியைக் கொணர்ந்துவிட்டபோது பயன் கிட்டவில்லை. செடியின் உண்மையான தாயகத்தை ஆராய்ச்சியாளர் 1978-ல் கண்டறிந்து, அங்குள்ள சிறு வண்டினைக் கொணர்ந்து 1980-ல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஏரியில் விட்டனர். அது அக்களையைத் தின்றழித்தது. பின்னர் அவ்வண்டு கேரளத்திலும் விடப்பட்டுப் பெரும்பயன் விளைத்தது. ஆயிரம் பேர் வாரியும் தீராத களையை, விரல்நுனியிலும் சிறிய வண்டு தீர்த்தது. எதிரியின் ஊரும் பேரும் சரியாக அறிவதே பாதி வெற்றி என்பது இதனால் விளங்கும். நம் குளங்களை மூடும் ஆகாயத்தாமரைக்கும் வண்டுகள் உண்டு. ஆயினும் சாக்கடையின் சத்து நீரிற் கலந்துகொண்டேயிருக்கும் வரை அத்தாமரை தழைத்துக்கொண்டேயிருக்கும். வேருக்கு எருவிட்டுக்கொண்டே இலையைக் கிள்ளுவதில் பிரயோஜனம் யாது?

சாக்கடைக்குப் பரிகாரம் இஞ்சினீயர் கையில் உள்ளது. பெருநகர்களுக்குப் பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் வேண்டும். சிற்றூர்களுக்கோ, ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி 1950-களில் தொடங்கி ஆராய்ந்த முறையொன்று ஏற்றது. சரளையும் மணலும் நிரப்பிய பாத்தியில் நாணல், சம்பு முதலிய நீர்ச்செடிகளை நட்டு, கழிவுநீரை அதனூடே மெல்லச் செலுத்தினால், வேரடியில் வாழும் கிருமிகள் அழுக்கைத் தின்று நீரைத் தெளிவிக்கின்றன. யந்திரமும் மின்சாரமும் மிகுதியாக வேண்டா. ஒரு தெருவார் கூடினால் அமைத்துக்கொள்ளலாம்.

செத்த ஆறு பிழைக்குமோ என்று அவநம்பிக்கை கொள்வோர்க்கு ஓர் உதாரணம் கூறுவேன். லண்டன் நகரத்துத் தேம்ஸ் ஆறு 1858-ல் நாற்றமெடுத்துப் பார்லிமெண்டையே கலக்கிற்று. 1957-ல் அந்நகரத்து இயற்கைப் பொருட்காட்சிச் சாலையார், அவ்வாற்றின் நகர்ப்பகுதியை உயிரற்றதென்றே உரைத்தனர். அதன் பின் சுத்திகரிப்பு நிலையங்களைத் திருத்தியமைத்தார்கள். 1974-ல் சால்மன் மீன் மீண்டும் அங்குக் காணப்பட்டது. ஆறு மன்னிக்கும் குணமுடையது, சபையோர்களே! நாம் கழிவிடுவதை நிறுத்தினால் அது தானே தன்னைக் கழுவிக்கொள்ளும்.

இனி ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். மணக்குடியில் நீர் கடலோடு கலப்பதைக் கண்டு, வீணாகப் போகின்றதே என்று வருந்துவோர் நம்மில் உளர். உப்புநீரும் நன்னீரும் கலக்கும் காயலிலேதான் இறால் குஞ்சுகள் பல வளர்ந்து கடலுக்குச் செல்கின்றன. அலையாத்திச் செடிகளும் அங்கேதான் வேர்விடுகின்றன. நாம் வீண் என்று கருதும் அந்நீர், கடற்கரைச் சகோதரர்களின் அடுப்பில் உலையாகின்றது. ஆறு சாதி அறியாது. சங்க எல்லையும் அறியாது. மேலூரில் நாம் விடும் சாக்கடை கீழூர்க் குழந்தையின் வயிற்றுக்கு நோயாகிறது. அக்குழந்தை யார் வீட்டுக் குழந்தையாயினும் அதற்குப் பொறுப்பு நம்முடையதே.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கவை யாவை? சர்க்கார் செய்ய வேண்டியதைச் சர்க்காரிடம் கேட்போம். நம் கையிலுள்ளதை நாம் செய்வோம்.

முதலாவது, நம்மவர் வீடுகளின் கழிவுக்குழாய் எதுவும் காலிலோ சானலிலோ குளத்திலோ விழலாகாது. உறிஞ்சுகுழி அமைக்க ஆகும் செலவு, ஒரு சடங்குப் பந்தலுக்காகும் செலவிலும் குறைவு. சங்கத்தார் நடத்தும் கலியாண விசேஷங்களின் எச்சிலிலையும் கழிவும் நீரிற் சேராவண்ணம் காரியதரிசிகள் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, குளத்தின் வரத்துக்காலையும் மறுகாலையும் அடைத்து மனை பிரிப்பவரிடம் நிலம் வாங்குவதில்லை, விற்பதில்லை என்று நாம் உறுதி பூணவேண்டும். இது கடினமான வேண்டுகோள் என்பதை அறிவேன். பெண்ணின் கலியாணத்திற்கும் பையனின் படிப்பிற்கும் வயலை விற்கும் நிலை நம்மில் பலர்க்கு உண்டு. அவர்களை இகழ யான் இங்கு நிற்கவில்லை. விற்க நேரினும், காலின் வழியை விட்டு விற்கலாகாதா? மறுகால் அடைபட்ட குளம் மழைக்காலத்தில் நம் வீட்டு முற்றத்தையே மறுகாலாகக் கொள்ளும்.

மூன்றாவது, நம் இளைஞர் சங்கத்தார் பழையாற்றில் சில துறைகளைத் தேர்ந்து, மாதந்தோறும் கல்லடிப் பூச்சிகளையும் கரைந்த பிராணவாயுவையும் பார்த்துக் குறித்து, அக்குறிப்பை இப்பத்திரிகையில் வெளியிட வேண்டும். நம் ஊர்க் கல்லூரிகளின் விலங்கியல் ஆசிரியர்களை அணுகினால் வழிகாட்டாதிரார். ஐந்தாண்டு இடைவிடாது எழுதிய குறிப்பு, ஆயிரம் விண்ணப்பங்களிலும் வலிமையுடையது. எண்ணைக் காட்டிக் கேட்பவனுக்கு அதிகாரி பதில் கூறியே தீரவேண்டும்.

நான்காவது, சங்கத்தின் கல்வி நிதியிலிருந்து ஆண்டுதோறும் ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ நீரியல், மீனியல், சுகாதார இஞ்சினீயரிங் ஆகியவற்றுள் ஒன்றைப் பயில உதவியளிக்க வேண்டும். வைத்தியரும் வக்கீலும் நம்மில் மலிந்துவிட்டனர். ஆற்றுக்கு ஒரு வைத்தியர் நம் குடும்பங்களிலிருந்து தோன்றுவாராயின் அதுவே பெரிய கௌரவமாகும்.

அன்பர்களே! பாண்டியன் அணை கட்டியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியா. கல் சுமந்தவர்களின் பெயர்களை ஒருவரும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் அவர்கள் செய்த வேலை இன்றளவும் நம் இலையில் சோறாக விழுகின்றது. அவர்கள் தந்த நீரை உயிரோடு பேரன் கையில் ஒப்படைப்பதே நாம் செலுத்தக்கூடிய வட்டி.  பழையாறு வாழ்க! நாஞ்சில் நாடு செழிக்க!