கைப்பேசியும் நம் உரிமையும்

(நாச்சியாபுரத்தில் நடைபெற்ற தமிழன்பர் கூட்டத்தில் பள்ளித் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



தமிழாசிரியனுக்குக் கைப்பேசியைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். யாப்பும் அணியும் பேச வேண்டியவன் மின்கலமும் நினைவகமும் பேசப் புகுந்தானே என்று அவைத்தலைவரும் முறுவலிக்கின்றார். ஆயினும், இன்று இவ்வூரில் ஒரு மாணவன் பாடம் படிப்பதும், ஊரக வேலைத் திட்டப் பணிக்குப் போன ஒரு தாய் தன் கூலி கணக்கில் ஏறிற்றா என்று பார்ப்பதும், கடல்கடந்து பணிபுரியும் மகன் முகத்தைப் பெற்றோர் காண்பதும் இந்தக் கையகலக் கருவியில்தானே! நம் வாழ்வுக்குள் இத்தனை ஆழமாக நுழைந்துவிட்ட ஒன்றைப் பற்றி நம் மொழியில் நாம் பேசாவிட்டால், விற்பவன் பேசுவான். அவன் சொன்னதே முடிந்த முடிபு என்று ஆகிவிடும்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன அல்லவா? அப்போது கைப்பேசி வழியாகப் பாடம் வந்தது. வாங்க முடிந்தவர் புதிது வாங்கினர். முடியாதவர் மாமன் வைத்திருந்த பழையதை, அண்ணன் கழித்துப் போட்டதைக் கேட்டு வாங்கிப் பிள்ளைகளிடம் கொடுத்தனர். அந்தக் கருவிகள் இன்றும் பல வீடுகளில் உள்ளன. ஆனால் ஊர்கின்றன. தொட்டால் சில நொடி கழித்தே அசைகின்றன. கடைக்குக் கொண்டுபோனாலோ, எல்லா நோய்க்கும் ஒரே மருந்து: 'இது பழசுங்க, புதுசு வாங்கிருங்க!'

கருவி உண்மையிலேயே கிழடாகிவிட்டதா? இல்லை என்பதே என் விடை. உள்ளிருக்கும் கணிப்புச் சில்லு நம் முழங்காலைப் போல் தேய்வதன்று. வாங்கிய நாளில் எவ்வளவு விரைவாகக் கணக்கிட்டதோ, ஏறத்தாழ அவ்வளவு விரைவாகவே இன்றும் கணக்கிடும். மாறியது அதன் தலைமேல் ஏற்றப்பட்ட சுமை. ஒரு கிகாபைட்டு நினைவகம் உள்ள கருவி, அந்நாளைய சிறு செயலிகளைச் சுமக்கும் அளவுக்கே செய்யப்பட்டது. அதே செயலிகள் ஆண்டுக்கு ஆண்டு பருத்து வந்தன. நாம் திறக்காத போதும் அவை பின்னணியில் விழித்திருந்து செய்தி கேட்கின்றன. போதாக்குறைக்கு, விற்றவனே ஏற்றி அனுப்பிய, நாம் நீக்கவும் முடியாத வேண்டாச் செயலிகள் வேறு!

இரண்டாவது கரணியம் சேமிப்பகம். இது பலர்க்கும் தெரியாத செய்தி; ஆகலின் சற்று விளக்குவேன். கைப்பேசியின் சேமிப்பகம் பலகை போன்றதன்று. எழுதிய இடத்தின்மேல் அப்படியே மீண்டும் எழுத இயலாது. ஒரு முழுப் பாத்தியையும் முதலில் அழித்துவிட்டுப் பிறகே அங்கு எழுத முடியும். வெற்றிடம் மிகுதியாக இருக்கும்வரை சிக்கலில்லை. காலை வணக்கப் படங்களும் திருமண அழைப்புக் காணொளிகளும் நிரம்பி வெற்றிடம் சுருங்கும்போது, ஒவ்வொரு முறை எழுதவும் கருவி இதை அங்கே நகர்த்தி, அதை இங்கே துடைத்து, திண்டாடுகிறது. நம் கண்ணுக்கு அது 'தொங்கிப்போச்சு' என்று தெரிகிறது. மூன்றாவது, மின்கலம். அது மெய்யாகவே முதுமை அடைவது. முதிர்ந்த மின்கலம் வேண்டிய நேரத்தில் வேண்டிய மின்னழுத்தம் தராது. கருவி தானே அணைந்து போவதும் உண்டு.

ஆகவே, எடுத்த எடுப்பில் பெரிய மருத்துவம் வேண்டா. வேண்டாச் செயலிகளை நீக்குங்கள். நீக்க முடியாதவற்றை முடக்குங்கள். படங்களைக் கணினிக்கோ நினைவட்டைக்கோ மாற்றிச் சேமிப்பகத்தில் கால்பங்கையாவது வெறுமையாக வையுங்கள். மின்கலத்தை மாற்றுங்கள். பிறகும் ஊர்ந்தால், வேண்டியவற்றைப் படியெடுத்துக்கொண்டு கருவியைப் பிறந்தநாள் நிலைக்கு மீட்டமையுங்கள். பாதிக் கருவிகள் இதிலேயே தேறிவிடும் என்பது என் பட்டறிவு.

தேறாதவற்றுக்குத்தான் நான் பேச வந்த மருத்துவம். கருவிக்குள் உறைந்து அதனை இயக்கும் அடிப்படை மென்பொருளை நிலைபொருள் என்பர். நிறுவனம் ஏற்றிய நிலைபொருளை நீக்கிவிட்டு, ஆர்வலர் ஆக்கிய வேறொன்றை ஏற்றுவதே இம்முறை. கடைத்தெருப் பிள்ளைகள் இதனைக் 'கசுட்டம் ரோம்' என்பர். நாம் மாற்று நிலைபொருள் என்போம். சொன்னவுடன் பொருள் விளங்குகிறதன்றோ!

இஃது எவ்வாறு இயலும்? ஆண்டிராய்டு என்னும் இயங்குதளத்தின் மூலநிரல் திறந்தது. அதன் கருவாக உள்ள இலினக்சு, பின்லாந்து நாட்டு மாணவர் இலினசு தோர்வால்சு 1991-இல் தொடங்கியது. அதன் உரிமம் ஒரு கடப்பாட்டை வைக்கிறது: அதனை மாற்றி விற்பவன், தான் மாற்றிய நிரலையும் வாங்கியவர்க்குத் தரவேண்டும். சில நிறுவனங்கள் இக்கடப்பாட்டைக் காற்றில் விட்டதும் உண்டு. 2008-இல் முதல் ஆண்டிராய்டு கைப்பேசி வந்தது. மறு ஆண்டே சுடீவ் கோண்டிக் என்னும் அமெரிக்க நிரலாளர் அதற்கொரு மாற்று நிலைபொருள் செய்து வெளியிட்டார். சயனோசென்மாடு என்பது அதன் பெயர். உலகெங்குமிருந்து தன்னார்வலர் கைகொடுக்க, அது பல்வகைக் கருவிகளுக்கும் பரவிற்று.

அதன் கதையில் நம் நாட்டுக்கும் ஓர் இயல் உண்டு. சயனோசென் ஒரு வணிக நிறுவனமாக மாறியபின், இந்தியாவில் மைக்ரோமேக்சு நிறுவனத்தோடு தனியுரிமை ஒப்பந்தம் செய்துகொண்டது. யுரேக்கா என்னும் கைப்பேசி 2014 திசம்பரில் 8,999 உருபாவுக்கு அறிவிக்கப்பட்டது. அதே நிலைபொருளைத் தாங்கி இங்கு விற்பனைக்கு வந்த சீன நிறுவனமாகிய ஒன்பிளசின்மேல் தில்லி உயர்முறைமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டு, விற்பனைக்குத் தடையும் பெறப்பட்டது. பின்னர் மேலிருக்கை அத்தடையை நீக்கியது. ஊரார் கூடி வெட்டிய குளத்துக்கு ஒருவர் வேலியடைத்து உரிமை கொண்டாடியது போன்ற காட்சி அது! முடிவு என்ன ஆயிற்று? அவ்வணிக நிறுவனம் 2016 திசம்பர் 31-உடன் தன் பணிகளை நிறுத்திக்கொண்டது. ஆனால் தன்னார்வலர் கலைந்துவிடவில்லை. அந்தத் திசம்பர்த் திங்களிலேயே அதே நிரலை எடுத்துப் புதுப்பெயரில் தொடர்ந்தனர். இலினியேசு என்பது அப்பெயர். கால்வழி, மரபுவழி என்று அதற்குப் பொருள். முதல் போட்டவன் போனபின்னும் கால்வழி அறுபடவில்லை, பொருத்தமான பெயர்தான்.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வேன். 2014 பிப்பிரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மோட்டோ ஜி முதற்பதிப்பு. (ஜகரத்தைப் பொறுத்தருள்க, பெயரில் ஓர் எழுத்து மாறினால் ஏற்றவேண்டிய கோப்பே மாறிவிடும்!) ஒரு கிகாபைட்டு நினைவகம். நிறுவனம் அதனை ஆண்டிராய்டு ஐந்தாம் வரிசையோடு கைவிட்டது. இலினியேசு ஆர்வலரோ அதற்கு 7.1 அடிப்படையிலான நிலைபொருளை ஆக்கித் தந்தனர். விரைவு எங்கிருந்து வருகிறது என்றால், மந்திரத்தால் அன்று, சுமை குறைவதால். வேண்டாச் செயலிகள் இல்லை. கூகுள் நிறுவனத்தின் செயலிகள்கூட அதில் உடன் வருவதில்லை. வேண்டுமென்றால் நாமே தனியாக ஏற்றவேண்டும். ஏற்றாமல் விட்டால் சிறு நினைவகக் கருவி மூச்சுவிடுவதைக் கண்கூடாகக் காணலாம். கட்டற்ற செயலிகளுக்கென்றே எப்-திராய்டு என்னும் கிடங்கு 2010 முதல் உள்ளது. படிக்க, எழுத, பாட்டுக் கேட்க வேண்டியவை அங்குக் கிடைக்கும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். எந்த நிலைபொருளும் நினைவகத்தைப் பெருக்கித் தராது. படிக்கலத்தில் மரக்கால் நெல் கொள்ளாது.

இனிச் செய்முறை. கருவியைத் தொடக்கும் முதல் நிரலுக்கு நிறுவனம் ஒரு பூட்டு இட்டிருக்கும். தான் முத்திரையிட்ட நிலைபொருள் அன்றி வேறெதனையும் அது உள்ளே விடாது. இதனைக் கேட்டவுடன் எனக்கு நம் செட்டிநாட்டு வீடுகள்தாம் நினைவுக்கு வந்தன. பருமாத் தேக்கில் நிலை வைத்து, பணமும் எண்ணிக் கொடுத்து முடித்த வீட்டின் வாயிற்சாவியைக் கட்டிய கொத்தனார் தம் மடியிலேயே வைத்துக்கொண்டால் நம் பாட்டன்மார் பொறுத்திருப்பார்களா? நாம் பொறுத்துக்கொண்டிருக்கிறோம். சில நிறுவனங்கள் கேட்டால் திறப்புக் குறியீடு தருகின்றன. சில நாட்கணக்கில் காக்க வைக்கின்றன. சில முற்றாக மறுக்கின்றன. ஆகவே பழைய கைப்பேசி வாங்குவோர், வாங்கும் முன்பே இது திறக்கக்கூடியதா என்று கேட்டறிவது நன்று.

திறந்த நொடியில் கருவியிலுள்ளது அனைத்தும் அழியும். அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள், திருடன் திறந்து படிக்கக்கூடாது என்று. எனவே படியெடுத்தல் முதல் வேலை. பிறகு கணினியோடு கம்பிவழி இணைத்து, மீட்பு நிரல் ஒன்றை ஏற்றி, அதன் வழியாகப் பழைய நிலைபொருளைத் துடைத்துப் புதியதை ஏற்ற வேண்டும். எல்லாம் நலமாக அமைந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். ஆனால் கருவியின் விற்பனைப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உட்பெயர் உண்டு. நான் சொன்ன மோட்டோவின் உட்பெயர் பால்கன், அதாவது வல்லூறு. ஒரே பெயரில் விற்கப்பட்டவற்றுள்ளும் உள்ளுறுப்பு வேறுபடும். வேற்றுக் கருவியின் கோப்பை ஏற்றினால், கையில் இருப்பது செங்கல்தான். இடையில் மின்னேற்றம் தீர்ந்தாலும் அதே இடர்.

இன்னும் மூன்று இடர்களை ஒளிக்காமல் சொல்லவேண்டும். சொல்லாமல் விடுகிறவர்கள்தாம் இம்முறைக்குக் கெட்டபெயர் தேடித் தருகிறார்கள். ஒன்று, ஒளிப்படக்கருவி, அலைவாங்கி போன்ற உறுப்புகளை இயக்கும் நிரல்களை ஆக்கியோர் திறந்து தருவதில்லை. ஆர்வலர் பழைய நிரலையே பொருத்திப் பார்க்கிறார்கள். படம் முன்போல் தெளிவாக வாராமல் போகலாம். இரண்டு, பேச்சு. 2016 செப்டம்பர் 5-இல் பணி தொடங்கிய சியோ வலையமைப்பில் பழைய இரண்டாம், மூன்றாம் தலைமுறை அலைகளே கிடையா. குரலும் நான்காம் தலைமுறைத் தரவாகவே செல்லவேண்டும். அவ்வேந்து உங்கள் மாற்று நிலைபொருளில் சரியாக அமையாவிட்டால், இணையம் வரும், பேச முடியாது! முதியோர் கையிலுள்ள கருவியில் இது நேர்ந்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று, பணம். வைப்பகச் செயலிகளும் பணம் செலுத்தும் செயலிகளும் பூட்டுத் திறந்த கருவியைக் கண்டால் இயங்க மறுப்பதுண்டு. அவற்றை ஏமாற்றி இயக்கும் குறுக்குவழிகளும் உலவுகின்றன. அவ்வழியில் போகாதீர்கள் என்பதே என் அறிவுரை. வீட்டில் இரு கருவிகள் இருந்தால், பணம் செலுத்துவது பூட்டுத் திறவாததாக இருக்கட்டும். பழையது படிப்புக்கும் பாட்டுக்கும் இருக்கட்டும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். ஆண்டிராய்டின் தொடக்கப் பதிப்புகளில் தமிழ் எழுத்துருவே இல்லை. வந்த செய்தியெல்லாம் கட்டங்கட்டமாகத் தெரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பட்டியும் கட்டளையும் முழுதும் தமிழில் தோன்றும் நிலை 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலேதான் ஏற்பட்டது. நான்காம் பதிப்போடு கைவிடப்பட்ட கருவிகள் பலவற்றுக்கு நிறுவனம் தமிழைத் தரவில்லை. மாற்று நிலைபொருள் ஏற்றியவன் பெற்றான். அதுமட்டுமன்று. இலினியேசின் கட்டளைச் சொற்களை எவரும் மொழிபெயர்த்து விடுக்கலாம். வாயில் திறந்தே இருக்கிறது. அதில் தமிழ் நன்றாக இல்லை என்று குறைகூறும் உரிமை, நூறு சொல்லாவது பெயர்த்துக் கொடுத்தவர்க்கே உண்டு என்பேன். இங்குள்ள கல்லூரி மாணவர்கள் சினம் கொள்ளவேண்டா. 2012 முதல் கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதி வருகிறது. அதனைப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம்.

அரசுகள் என்ன செய்கின்றன? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 சூன் 20 முதல் ஒரு சட்டம் செயலில் உள்ளது. ஒரு கைப்பேசி வகையின் விற்பனை முடிந்த நாளிலிருந்து ஐந்தாண்டுக்குக் குறையாமல் மென்பொருள் புதுப்பிப்புத் தரவேண்டும் என்பது அது. இந்திய ஒன்றிய அரசு 2022-இல் பழுதுநீக்கும் உரிமைக்கென்று குழு அமைத்து, ஆண்டிறுதியில் ஓர் இணைய வாயிலையும் திறந்தது. எங்கே பழுதுநீக்கலாம் என்ற செய்தி அதில் கிடைக்கும். ஆனால் அது நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டமன்று. நாம் கேட்கவேண்டியது பெரிதொன்றுமில்லை: 'இனி இக்கருவியைப் பேணமாட்டோம்' என்று நீங்கள் கைகழுவும் நாளில், சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்!

வரும் ஞாயிறு காலை நம் பள்ளி மாணவர் சிலர் இங்கு வந்து, விரும்புவோர் கருவிகளைப் பார்த்துத் தருவர். கட்டணம் இல்லை. வருவோர் முழு மின்னேற்றத்தோடும், இணைப்புக் கம்பியோடும், வாங்கிய சீட்டு இருந்தால் அதனோடும் வாருங்கள். படங்களை முன்னரே படியெடுத்துவிடுங்கள். வைப்பகச் செயலி உள்ள கருவியாயின், எங்களிடம் தரும் முன்பே அதனை நீக்கிவிட்டு, மறைச்சொல்லை எங்களுக்கும் சொல்லாதீர்கள்.