அந்தக் கட்டைப் பிரிக்காதீர்கள்



எழுத்தாளர்களும் அறிஞர்களும் விட்டுச்செல்லும் தாள்களைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். அச்சான நூல்களுக்கு நூலகம் இருக்கிறது. நான் பேச வந்தது கடிதம், நாட்குறிப்பு, கைப்பிரதி, அடித்துத் திருத்திய மெய்ப்பு, பதிப்பகத்திலிருந்து வந்த கணக்குச்சீட்டு, பாதியில் நின்றுபோன பக்கம் ஆகியவற்றைப் பற்றி. இவற்றைக் காக்க வேண்டும் என்று பொதுவாகச் சொன்னால் யாரும் மறுக்கப்போவதில்லை. தலையசைத்துவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவோம். ஆகவே நம் ஊர்க்காரர் ஒருவருடைய தாள்கள் இங்கிலாந்தில் ஒரு வீட்டுத் தரையில் கிடந்த கதையை முதலில் சொல்கிறேன்.

கணிதமேதை இராமானுஜன் 1919 மார்ச்சில் இந்தியா திரும்பினார். உடல் ஒடிந்திருந்தது. கொடுமுடி, கும்பகோணம், சென்னைச் சேத்துப்பட்டு என்று இடம் மாறிக்கொண்டிருந்த அந்தக் கடைசி ஓராண்டிலும் கணக்கு நிற்கவில்லை. 1920 ஜனவரி 12 அன்று ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு, தாம் புதிதாகக் கண்ட 'மாக் தீட்டா' சார்புகளைப் பற்றிக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26 அன்று காலமானார். இளமையிலிருந்தே அவர் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, விடையை மட்டும் தாளில் எழுதிக்கொள்ளும் வழக்கம் உள்ளவர். தாள் விலை அப்படி. அதனால் அவருடைய தாள்களில் வழி இருக்காது, சேர்ந்த இடம் மட்டும் இருக்கும்.

அந்தத் தாள்களைச் சென்னைப் பல்கலைக்கழகம் 1923இல் ஹார்டிக்கு அனுப்பியது. பின்னர் அவை பர்மிங்காம் பேராசிரியர் ஜி. என். வாட்சனிடம் போய்ச் சேர்ந்தன. இராமானுஜனின் குறிப்பேடுகளில் பல ஆண்டுகள் உழைத்தவர் அவர். 1965இல் வாட்சன் இறந்தார். அவரைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு இரங்கல் கட்டுரை எழுத வேண்டிய பொறுப்பு ஜே. எம். விட்டேக்கருக்கு வந்தது. செய்தி திரட்ட அவர் வாட்சன் வீட்டுக்குப் போனார். படிப்பறைத் தரை முழுக்க ஓரடி உயரத்துக்குத் தாள்கள். இன்னும் சில நாளில் எல்லாம் தீக்குப் போக இருந்தன. நின்ற இடத்திலேயே கையை விட்டுத் துழாவி அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுத்தவர் கையில் இராமானுஜன் எழுத்து அகப்பட்டது. ராபர்ட் ராங்கின் என்ற கணித அறிஞர் வழியாக 1968 டிசம்பர் 26 அன்று அது கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்துக்கு அனுப்பப்பட்டது.

அதன் பிறகும் எட்டாண்டுகள் அது நூலகத்தில் சும்மா கிடந்தது. 1976இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அங்கே வந்தார். வாட்சன் வழியாக வந்த சில தாள்கள் டிரினிட்டியில் இருக்கின்றன என்று கணித அறிஞர் லூசி ஸ்லேட்டர் அவருக்குச் சொல்லியிருந்தார். பெட்டியைத் திறந்த ஆண்ட்ரூஸுக்கு முதல் பார்வையிலேயே விஷயம் பிடிபட்டது. காரணம், அவருடைய முனைவர் பட்ட ஆய்வே மாக் தீட்டா சார்புகளைப் பற்றியது. அறுநூறுக்கும் மேற்பட்ட சூத்திரங்கள் அதில் இருந்தன, நிரூபணம் எதுவும் இல்லாமல். 1987இல், இராமானுஜன் நூற்றாண்டில், கையெழுத்து உள்ளது உள்ளபடியே நூலாக வந்தது. ஆண்ட்ரூஸும் புரூஸ் பெர்ண்ட்டும் அவற்றை ஒவ்வொன்றாக நிறுவி ஐந்து தொகுதிகள் எழுதி முடித்தபோது ஆண்டு 2018. ஒரு மனிதர் நோய்ப் படுக்கையில் எழுதியதற்கு உரை எழுத, திறமான இரண்டு பேருக்கு வாழ்நாளின் பெரும்பகுதி ஆகியிருக்கிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாக அதிர்ஷ்டத்தைப் புகழ்வார்கள். எனக்கு அதில் மனம் ஒட்டுவதில்லை. வாட்சன் வீட்டார் எரிக்க நினைத்ததில் குற்றமும் இல்லை. கணவர் போன பிறகு ஓரடி உயரத் தாளை வைத்துக்கொண்டு ஒரு வயதான பெண்மணி என்ன செய்வார்? எனக்கு உறுத்துவது விட்டேக்கர் கை படாத மீதித் தரை. இராமானுஜன் தாள்களுக்கு மேலே என்ன கிடந்தது, கீழே என்ன கிடந்தது? அவற்றோடு வாட்சனின் குறிப்பு ஏதாவது செருகியிருந்ததா? கட்டு குலைந்த அன்றே அந்தச் சாட்சியம் போயிற்று.

இங்கிலாந்தில்தான் இப்படி என்றில்லை. நம் மதுரையில் இதைவிட மோசமாக நடந்திருக்கிறது. எல்லிஸ் துரையை உங்களுக்குத் தெரியும். சென்னையில் கலெக்டராக இருந்தவர், திருக்குறளை மொழிபெயர்க்கத் தொடங்கியவர். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே, காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் முன்பகுதியில் அவர் எடுத்துக்காட்டிவிட்டார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வர இன்னும் நாற்பது ஆண்டுகள் இருந்தன. நாற்பது வயது ஆகும்வரை நூல் எதையும் வெளியிடுவதில்லை என்று உறுதி பூண்டிருந்த மனிதர் 1819இல் இராமநாதபுரத்தில் 41 வயதில் இறந்துபோனார். எழுதியதில் பெரும்பகுதி தாளில் நின்றது. மதுரையில் கலெக்டர் வீட்டில் தங்கிய தாள்களைச் சமையல்காரர் மாதக்கணக்கில் அடுப்புப் பற்றவைக்கவும் கோழி வாட்டவும் எடுத்துக்கொண்டார் என்று பின்னாளில் சென்னை அரசில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் எழுதிவைத்திருக்கிறார்.

அப்படியானால் எல்லிஸைப் பற்றி இன்று நமக்கு எப்படித் தெரிகிறது? எலியட் மிச்சம்மீதியைத் தேடிச் சேர்த்தார். அவை ஜி. யு. போப் கைக்குப் போய், ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் அடைக்கலமாயின. எல்லிஸ் தம் நண்பர் எர்ஸ்கினுக்கு எழுதிய கடிதங்கள் எர்ஸ்கினின் தாள்களோடு எடின்பரோவில், ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. இவற்றையும் அரசாங்கக் கோப்புகளையும் சேர்த்துப் படித்துத்தான் வரலாற்றறிஞர் தாமஸ் டிரவுட்மன் 2006இல் எல்லிஸை மீட்டெழுதினார்.

கடிதத்தின் இயல்பே இது. நாம் எழுதியது அடுத்தவர் பெட்டியில் இருக்கும்; அடுத்தவர் எழுதியது நம் பெட்டியில் இருக்கும். உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்தவற்றைப் பேணிவைத்தார். 1942இல், போர்க்காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் போயிருந்தபோது அவர் காலமானார். அடுத்த ஆண்டே அவர் பெயரில் நூல்நிலையம் எழுந்தது. சுவடிகளோடு கடிதங்களும் அங்கே தங்கின. 1877 முதல் 1900 வரை அவருக்கு வந்த கடிதங்கள் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் 2018இல் தொகுதியாக வெளிவந்திருக்கின்றன. ஐயர் எழுதிய பதில்களை வேண்டுபவர் அந்தக் கடிதக்காரர்கள் ஒவ்வொருவருடைய வாரிசுகளின் வீட்டுப் பரணையும் தேடிப் போக வேண்டும். ஆகவே ஒருவர் வீட்டுக் கட்டைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டால், அழிவது அவருடைய வரலாறு மட்டுமல்ல. அவருக்குக் கடிதம் எழுதிய இருபது, முப்பது பேருடைய குரலும் சேர்ந்தே எடைக்குப் போகிறது.

இன்று நான் சொல்ல வந்தது உண்மையில் ஒன்றே ஒன்றுதான். தேர்ந்தெடுக்காதீர்கள். தாள்களைத் தரும் குடும்பத்தார் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் 'முக்கியமானவற்றை' எடுத்துவைக்கிறார்கள். பிரபலங்களின் கடிதம், விருதுப் பத்திரம், அமைச்சரோடு நிற்கும் புகைப்படம். பால் கணக்கும் அடகுச்சீட்டும் குப்பைக்குப் போகும். ஆனால் ஒரு நாவல் ஏன் ஆறு ஆண்டு நின்றது என்பதற்கு விடை அந்த அடகுச்சீட்டில் இருக்கக்கூடும். எது முக்கியம் என்று இன்று தெரியாது. அதைச் சொல்லப்போகிற ஆண்ட்ரூஸ் இன்னும் பிறக்காமல்கூட இருக்கலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா இதை உணர்ந்தவர். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர், நூல்களோடு நாடக நோட்டீசையும் அழைப்பிதழையும் விடாமல் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சேகரிப்பு சிதறாமல் காப்பாற்றப்பட்டு, 1994இல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் ஆயிற்று. அந்த நோட்டீசுகள் இல்லாமல் இன்று தமிழ் நாடக வரலாறு எழுத முடியாது.

வந்த கட்டை 'ஒழுங்குபடுத்துகிறேன்' என்று கடிதம் ஒரு பக்கம், புகைப்படம் ஒரு பக்கம், நூல் அலமாரிக்கு என்று கலைத்துவிடும் நூலகங்களும் இருக்கின்றன. புத்தகத்துக்குள் செருகியிருந்த அஞ்சலட்டை எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதும் ஒரு செய்தி. ஆவணக்காப்பாளர்களின் முதல் விதி, ஒருவர் விட்டுப்போன வரிசையைக் கலைக்காதே, இன்னொருவர் தாளோடு கலக்காதே என்பது. துருப்பிடித்த குண்டூசியையும் ஸ்டேப்ளர் முள்ளையும் எடுங்கள். அவை சேர்த்துப் பிடித்திருந்த தாள்களைச் சேர்த்தே வையுங்கள். செல்லோ டேப் ஒட்டாதீர்கள். லேமினேஷன் செய்வது கொலை.

குடும்பத்தாரின் தயக்கம் எனக்குத் தெரியும். கடன், சண்டை, வேறு உறவுகள் எல்லாம் கடிதங்களில் இருக்கும். அதற்கு எரிப்பது வழியல்ல. முப்பது ஆண்டு, ஐம்பது ஆண்டு யாரும் திறக்கக்கூடாது என்று எழுதிக்கொடுத்து முத்திரை வைக்கலாம்; உலகெங்கும் உள்ள நடைமுறைதான். புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலாகியிருக்கின்றன. படித்த யாருக்கும் அவர்மேல் மதிப்புக் குறைந்ததாக நான் அறியேன்.

ஒரே இடத்தில், ஒரே படியாக இருப்பதுதான் பேராபத்து. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தபோது போன 97,000 நூல்களில் அச்சான பலவற்றை வேறெங்கோ தேடிப் பிடிக்கலாம். ஒற்றைப்படியாக இருந்த கையெழுத்துகளை எங்கே தேடுவது? நேர்மாறாக ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு. 1846இல் புதுச்சேரியில் கண்டெடுக்கப்பட்டதும் அதைப் படியெடுத்தார்கள்; ஒரு படி பாரிஸுக்குப் போயிற்று. மூலத்தில் குறைந்ததைப் படிகள் ஈடுசெய்தன. இன்று 'நூலகம்' என்ற நிறுவனம் ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

மின்வடிவம் என்றதும் ஒன்று. இந்த அவையில் 1990களில் கணினியில் எழுதத் தொடங்கிய எழுத்தாளர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்கள் கோப்புகள் பாமினியிலோ டேம் எழுத்துருவிலோ இருக்கின்றன, பிளாப்பியிலோ குறுந்தட்டிலோ கிடக்கின்றன. ஒருங்குறிக்கு முந்தைய அந்த எழுத்துருக்கள் இல்லாத கணினியில் உங்கள் கதை வெறும் கிறுக்கலாகத் தெரியும். நூறாண்டுத் தாளைப் படிக்க முடிகிறது, முப்பதாண்டுக் கோப்பைப் படிக்க முடிவதில்லை. இந்த மாதமே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுங்கள். பழைய கோப்பை அழிக்க வேண்டாம். எந்த எழுத்துருவில் அடித்தது, எந்த ஆண்டு, மின்னஞ்சலின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி, அச்செடுத்த படியோடு சேர்த்து, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.